பாலத்தின் மேல் ஒரு பூசணி

முதல் மழை பெய்யும் நாளில் ஏழேரி நகரத்தார் எவரும் அல்லியேரிக் கரைக்குப் போவதில்லை.

இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அரசாணை கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது, கரைக்கு ஏறும் படிக்கட்டின் இரும்புக் கதவுக்குப் பூட்டுகூடக் கிடையாது. ஆயினும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையின்மீது பருவத்தின் முதல் தூறல் விழுந்ததுமே, அன்றாடம் கரையில் நடைபயிலும் பெரியவர்களுக்கு முழங்கால் வலி கண்டுவிடும். காதலர்களுக்குத் திரையரங்கு நினைவுக்கு வரும். ஏரியைப் பார்த்த சன்னல்களில் திரைச்சீலைகள் இறங்கும். அடுக்களைகளில் வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு, நகரத்தின் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் இருக்கும் ஒலிபெருக்கியில் ஏரிப் பராமரிப்பு அலுவலரின் குரல் வரும்: "அல்லியேரி நலமாக உள்ளது." மறுநாள் காலையில் எல்லாரும் மீண்டும் கரைக்குப் போவார்கள். ஏரி அங்கேயே இருக்கும். மீன்கள் மட்டும் சற்றுக் குறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இருப்பதும் அந்த விதியின் ஒரு பகுதி.

இந்த மௌனத்தின் வேரில் இருந்தது அச்சம் அல்ல, நன்றி. குழந்தைகள் மூச்சுக்குழாய் மருந்தைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன காலம் நகரத்தாருக்கு மறந்துவிடவில்லை. பெட்ரோலும் டீசலும் ஒழிந்து, மின்வண்டிகள் மட்டுமே ஓடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒரு காலைப்பொழுது, ஜவ்வாது மலை மேற்கே நீலமாக எழுந்து நின்றது. அதுவரை அந்தத் திசையில் மலை இருப்பதே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வானத்தைத் திருப்பிக் கொடுத்த ஒன்றின்மீது, ஏரியைக் கேட்டு எவன் வழக்குப் போடுவான்?

மதுரவல்லி போடுவதாக இருந்தாள். அதற்கான சாட்சியைப் பத்து மாதங்களாக அவள் நகரத்துச் சாலைகளில் தூவிவந்தாள்.

அவள் மாநகராட்சியின் பொருளறிவியல் ஆய்வகத்தில் ரப்பர் வேதியியலாளர். பிறந்தது அல்லியேரியை ஒட்டி, பெரிய மேம்பாலத்தின் அடியில் இருக்கும் மீனவர் குடியிருப்பில். ஆயுத பூஜை அன்று காலை, ஆய்வகத்தின் சோதனை வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, வண்டியை நகரச் சொன்னார்கள். அது நகரவில்லை. "முன்னே தடைப்பொருள் உள்ளது," என்றது. "அது எலுமிச்சை எனில், பூஜை முறையைத் தேர்ந்தெடுக்கவும்."

"பாத்தீங்களா மேடம்," என்றான் அவளுடைய உதவி ஆய்வாளன் நவ்ஷாத். "வண்டிக்கே தெரியுது இன்னிக்கு லீவுன்னு. நமக்குத்தான் தெரியல."

பூஜை முறையில் வண்டி பயபக்தியோடு பழங்களை நசுக்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். பொரியும் கடலையும் கைமாறிக்கொண்டிருந்தபோது ஏரிப் பராமரிப்பு அலுவலர் தயாளன் வந்தார். ஆண்டுதோறும் முதல் மழை நாளில் 'நலமாக உள்ளது' என்று சொல்லும் குரல் அவருடையது. மறுநாள் விடியலில் லாரிகளை அனுப்பிச் செத்த மீன்களை அள்ளிச் செல்லும் பொறுப்பும் அவருடையது. அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே அவர் நல்லவராக இருக்க முயன்றுகொண்டிருந்தார். மதுரவல்லியின் சோதனைக்கு அனுமதி கொடுத்ததும் அந்த முயற்சியில் ஒன்று.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார், பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு. "மேல கேட்டா நான் ஒளறக் கூடாது பாரு."

"சார், பேட்டரி வண்டி புகை விடாது. ஆனா கனம். பழைய பெட்ரோல் வண்டியவிட நல்ல கனம். அத்தனை எடையும் நாலு டயர் மேலதானே உக்காந்திருக்கு? கிளம்பும்போது தேயுது, திரும்பும்போது தேயுது. தேஞ்ச ரப்பர் எங்க போகுது?"

"எங்க போகும்? ரோட்லதான்."

"ரோட்லேர்ந்து?"

தயாளன் மென்றுகொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கான விடை அவருடைய அலுவலக அறைச் சன்னலிலிருந்து தெரியும்.

"டயர் வெயில்ல வெடிப்பு விடக் கூடாதுன்னு ஒரு மருந்து கலப்பாங்க," என்று தொடர்ந்தாள். "அது காத்து பட்டா மீனுக்கு விஷமா மாறிடுது. ஆறேழு மாசம் மழையே இல்லாம அந்தத் தூசி ரோட்ல சேருது. முதல் மழை மொத்தத்தையும் ஒரே நாள்ல கழுவி ஏரியில கொட்டுது. ரெண்டாவது மழையில மீன் சாவறதில்ல, கவனிச்சிருக்கீங்களா? முதல் மழையிலதான் சாவுது."

"கவனிச்சிருக்கேன்," என்றார் தயாளன். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "ஆனா நீ சொல்றது ஒரு கணக்கு. யாராவது கண்ணால பாத்தாங்களான்னு கேப்பாங்க."

"அதுக்குத்தான் சார் மஞ்சள்."

சொல்லும்போதே அவள் கண்கள் மின்னின. மஞ்சளுக்கு நிறம் தரும் மூலக்கூற்றை ரப்பரோடு கோத்திருந்தாள். டயரில் இருக்கும்வரை அது தெரியாது. தேய்ந்து தூசியானபின், ஈரம் பட்டு, கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்தால் செக்கச்செவேல் என்று கசியும்.

"ஆலம் கரைக்கிறோமே, அதே வித்தைதான். மாநகராட்சி சர்வீஸ் வண்டி டயர்ல மட்டும்தான் போட்டிருக்கோம். நம்ம கைக்கு வர்ற டயர் அதுதானே? ஊர்ல ஓடற வண்டியில நூத்துல ஒண்ணு. முதல் மழையில சாக்கடை கொஞ்சம் ரோஸ் நிறமா ஓடினாப் போதும். டயர் தூசிதான் ஏரிக்குப் போகுதுன்னு குழந்தைக்கும் தெரியும்."

தெரிய வேண்டிய தேவை அவசரமானது. 'காரணம் அறியப்படாமல் மீளாநிலை அடைந்த நீர்நிலை' என்று அல்லியேரியை அறிவிக்கும் தீர்மானம் மாநகராட்சி மன்றத்தின் முன் இருந்தது. விடுமுறை முடிந்து மன்றம் கூடும் முதல் நாளிலேயே வாக்கெடுப்பு. தானாகச் செத்த ஏரியைத் தூர்க்கலாம். கொல்லப்பட்ட ஏரிக்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். நகரத்தின் சட்டம் அவ்வளவுதான். ஏழில் ஆறு ஏரிகள் தானாகவே செத்திருந்தன. அவற்றின்மேல் இப்போது வண்டிகள் வரிசையாக நின்று மின்னேற்றிக்கொள்கின்றன. ஏழாவது போனால், அதன் கரையில் வாழும் மீனவர் குடியிருப்பும் போகும். கூட்டுறவுச் சங்கத் தலைவியும் மதுரவல்லியின் அக்காவுமான பூங்காவனம் அங்கேதான் இருந்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்," என்றான் நவ்ஷாத். "உலகத்துல இத்தனை நிறம் இருக்கு. நீலம் இருக்கு, ஊதா இருக்கு. எதுக்கு மஞ்சளப் புடிச்சீங்க?"

"மீனுக்கு ஒண்ணும் ஆகாது. மஞ்சள்னா எந்தக் கமிட்டியும் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடும்."

அப்போது வாசலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆய்வகக் காவலாளி, குங்குமம் அடைத்த திருஷ்டிப் பூசணியை நடுச்சாலையில் போட்டு உடைத்திருந்தார். வெள்ளைச் சதை நாலாபக்கமும் சிதற, சாலை சிவந்தது. எதிர்க்கடையில் இன்னொரு டப். தெருக்கோடியில் இன்னொன்று. நகரத்தில் வண்டி வைத்திருந்த எல்லாரும் அந்த நேரத்தில் வாசலுக்கு ஒரு பூசணியோடு வந்துகொண்டிருந்தார்கள்.

மதுரவல்லியின் கையிலிருந்த பொரி கீழே கொட்டியது.

பத்து மாதம் அவள் எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தாள்: துகளின் அளவு, காரத்தன்மை, வெயிலில் நிறம் வெளுக்கும் வேகம். பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை. மஞ்சளையும் சிவப்பையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியவள், ஊரே சாலையில் அவற்றைக் கொட்டும் நாள் ஒன்று உண்டு என்பதை மறந்துபோயிருந்தாள். இவ்வளவுக்கும் காலையில் வண்டிக்குப் பொட்டு வைத்தது அவளேதான்.

"பரவாயில்ல," என்றாள் வறண்ட குரலில். "மழை அடுத்த வாரம்தான். அதுக்குள்ள பெருக்கிடுவாங்க."

மேற்கே ஜவ்வாது மலையின் பின்னாலிருந்து இடி உருண்டு வந்தது.

நவ்ஷாத் மேலே பார்த்தான். "யா அல்லா," என்றான். "இவ்வளவு டைமிங்கா?"

பிற்பகலில் வானம் கறுத்து, முதல் துளி விழுந்து, மூச்சு விடுவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. வாசலுக்கு ஓடிய இருவரும் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தார்கள். சாலையின் இரு ஓரத்து வடிகால்களும் சிவப்பாக ஓடின. கல்யாண வாசலில் கவிழ்த்த ஆலத்தட்டுப் போலச் சிவப்பு, நுரைத்துக்கொண்டு, சுழித்துக்கொண்டு, எல்லாத் தெருக்களிலிருந்தும் ஏரியை நோக்கி ஓடியது.

"மேடம்! ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தான் நவ்ஷாத். அவன் காலடியில் ஒரு பூசணித் துண்டு மிதந்து வந்து முட்டியது. அதன் குழிவில் இன்னும் குங்குமம் இருந்தது. குதிப்பதை நிறுத்தினான்.

நகரமோ கொண்டாடியது. மாடிகளிலிருந்து படம் எடுத்தார்கள். மழைக்கே ஆலம் சுற்றிவிட்டோம் என்று எழுதிப் பகிர்ந்தார்கள். அதோடு, ஒன்றன்பின் ஒன்றாக, ஏரியைப் பார்த்த சன்னல்களில் திரைகளும் இறங்கின.

தயாளன் கைபேசியில் வந்தார். "ஊர் பூரா செவப்பும்மா. இதுல உன் மஞ்சள் எது, சாமி மஞ்சள் எது? இத எடுத்துக்கிட்டு நான் மன்றத்துக்குப் போனா சிரிப்பாங்க. சாமி குத்தம்னு சொல்லுவாங்க."

"சார், ஒரு நாள் டைம் குடுங்க."

"அஞ்சு மணிக்கு நான் பேசணும்மா. எப்பவும் பேசறதுதான் பேசுவேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

கைபேசி அணைந்தது. மதுரவல்லி நனைந்தபடியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அடுத்த முதல் மழை ஓராண்டுக்குப் பிறகு. அதற்குள் அல்லியேரியின்மேல் வண்டிகள் நிற்கும். நவ்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதல் சொல்லத் தெரியாமல், நனைந்த பொரியை நீட்டினான்.

அப்போது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?" பூங்காவனத்தின் குரல் மழையைத் தாண்டிக்கொண்டு வந்தது. "கார்ப்பரேஷன்லதான வேல செய்ற? உங்க ஆளுங்களுக்கு எதுனா அறிவு கீதா?"

"அக்கா, அப்புறம் பேசறேன். மனசு சரியில்ல."

"எனக்கு மட்டும் நல்லா கீதா? எந்த மவராசன்டி பாலத்து மேல பூசணிக்கா ஒடச்சவன்? மேலேர்ந்து வர்ற கொழாயில செக்கச்செவேல்னு என் வாசல்ல கொட்டுது. இப்பத்தான் கோலம் போட்டேன். எல்லாம் போச்சு. ஒரு பூசணியா ரெண்டு பூசணியா தெரியல, வந்த வண்ணமா கீது!"

மதுரவல்லி மெல்ல எழுந்து நின்றாள்.

"அக்கா. இன்னொரு தடவ சொல்லு."

"இன்னாத்த சொல்றது? கோலம் போச்சுன்றேன்—"

"எந்தக் குழாய்?"

"பெரிய பாலத்துக் கொழாய்டி. ஏரிக்குள்ள போவுதே, அது. ஒடம்பு கிடம்பு சரியில்லியா உனக்கு?"

மதுரவல்லி நவ்ஷாத்தின் இரண்டு தோள்களையும் பிடித்துக் குலுக்கினாள். "நவ்ஷாத்! மேம்பாலத்துல யாரு பூசணி உடைச்சது?"

"மேம்பாலத்துல எப்படி மேடம் உடைப்பாங்க? அங்க வண்டியே நிக்கா—" அவன் வாய் திறந்தபடியே நின்றது.

ஏரியின் குறுக்கே போகும் அந்தப் பாலத்தில் வண்டிகள் நிற்பதில்லை. நிற்க முடியாது. ஏறியதும் வண்டியின் ஓட்டத்தைப் பாலமே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும்; பாலத்தை விட்டு இறங்கும்வரை கதவும் கண்ணாடியும் திறக்கா. நடைபாதை கிடையாது. அந்தப் பாலத்தில் மனிதக் கால் பட்டே பல ஆண்டுகள் இருக்கும். அங்கே விழுவதெல்லாம் வானத்திலிருந்து மழை, டயரிலிருந்து தூசி.

வண்டிகள் எல்லாம் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆய்வகக் காவலாளியின் சைக்கிளை நவ்ஷாத் கேட்காமலே எடுத்தான். மதுரவல்லி பின்னால் ஏறிக்கொண்டாள். சிவந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு, நின்ற வண்டிகளுக்கு இடையே புகுந்து புகுந்து போனார்கள். வழிநெடுக அவள் தயாளனோடு பேசிக்கொண்டே வந்தாள். "சார், நீங்க கரைக்கு வர வேணாம். எங்க அக்கா வீட்டு வாசலுக்கு வாங்க. வாசலுக்கு வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே!"

பாலத்தின் தூணை ஒட்டி இறங்கிய பெரிய குழாய், பூங்காவனத்தின் வாசலோரம் வளைந்து, கரையடியில் புகுந்து ஏரிக்குள் போனது. அதன் இணைப்பில் இருந்த விரிசலில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வாசல் முழுக்கச் சிவப்பு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துடைப்பமும் கையுமாக நின்ற பூங்காவனம், சைக்கிளிலிருந்து குதித்த தங்கை அந்தச் சிவப்பில் மண்டியிட்டுச் சிரிப்பதைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நவ்ஷாத்து, இவளுக்கு இன்னாப்பா ஆச்சு?"

"நல்லா இருக்காங்க அக்கா. இதுதான் இவங்க நார்மல்."

தயாளன் குடையோடு வந்து சேர்ந்தார். குழாயைப் பார்த்தார். அண்ணாந்து பாலத்தைப் பார்த்தார். பிறகு அலுவலராகப் பேசினார்: "வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்காங்கம்மா. மழையில அது கழுவி ஊத்தியிருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. மதுரவல்லி அக்காவிடம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்தாள். அடியில் கருப்பாக ஒரு வண்டல் படிந்தது. மேலே நின்ற சிவப்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்துக் கொட்டிவிட்டு, வண்டலின்மேல் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்தாள். நால்வரும் குனிந்து பார்த்தார்கள். கருப்புத் துகள்களிலிருந்து சிவப்பு நூல் நூலாகக் கிளம்பி, டம்ளர் மறுபடி சிவந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடி சிவந்தது.

"பொட்டு ஒரு தடவதான் சார் கரையும். இது ரப்பர். உள்ள வெச்சிருக்கு, விட்டுக்கிட்டே இருக்கும்." வண்டலை எடுத்து அவருடைய உள்ளங்கையில் தேய்த்தாள். கரியாய் ஒட்டியது. "மஞ்சள் போட்டது சர்வீஸ் வண்டிக்கு மட்டும்தான். இந்தப் பாலத்துல தினமும் போற சர்வீஸ் வண்டி எது?"

தயாளன் தம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் லாரிங்க," என்றார்.

"செத்த மீன ஏத்திக்கிட்டுப் போறதும் அதேதான்," என்றாள் பூங்காவனம்.

"நூத்துல ஒண்ணுக்குத்தான் சார் மஞ்சள் போட்டோம்," என்றாள் மதுரவல்லி. அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "மிச்சத் தொண்ணூத்தொம்போதும் இதே தண்ணியிலதான் இருக்கு. நிறம் இல்லாம."

மழை கொஞ்சம் தணிந்திருந்தது. கரையின் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல, ஆனால் ஒழுங்கில்லாமல், நூறு இடங்களிலிருந்து. நால்வருக்கும் கேட்டது. நால்வரும் கேளாதவர்போல இருந்தார்கள். அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழமானது.

பூங்காவனம்தான் பேசினாள். "வருஷா வருஷம் இந்தச் சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெச்சுக்கினு படுத்துப்பேன். ஏறிப் பாக்கல. ஏன் பாக்கல? எனக்கும் ஸ்கூட்டர் கீது. மீன எதுல கொண்டுபோய் விக்கிறேன்? அதுலதான். எனக்கும் ரெண்டு டயர் தேயுது."

"என் பொண்ணுக்கு நாலு வயசுல வீசிங்," என்றார் தயாளன், யாரையும் பார்க்காமல். "ராத்திரி முழுக்க தோள்ல போட்டுக்கிட்டு நடப்பேன். பூனைக்குட்டி மாதிரி சத்தம் வரும் நெஞ்சுல. இந்த வண்டிங்க வந்து புகை போச்சு, அவ பொழச்சா. இப்ப மாரத்தான் ஓடுறா. நான் எப்படிம்மா வாயத் தொறப்பேன்? தொறந்தா, பழைய புகைக்காரனுங்க காத்துக்கிட்டு இருக்கானுங்க. 'பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்'னு வருவானுங்க."

"வரட்டும் சார். புகை வேணும்னு யாரு கேட்டா? எடை கொறையணும், டயர் மருந்து மாறணும், ஒவ்வொரு குழாய் வாயிலயும் ஒரு வடிகட்டித் தொட்டி வேணும். மூணும் நடக்கிற காரியம். வண்டி வேணாம்னு சொல்றது வேற, வண்டிக்கு ஒரு குறை இருக்குன்னு சொல்றது வேற. உங்க பொண்ணுகிட்ட ஒரு குறைய சொன்னா அவள வெறுத்ததா அர்த்தமா?"

"அவகிட்ட குறை சொல்லித்தான் பாரேன்," என்றார் தயாளன். தம்மையறியாமல் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் சட்டைப்பையில் அலுவலகக் கருவி அதிர்ந்தது. மணி ஐந்து. திரையில் வழக்கமான வாசகம் தயாராக இருந்தது: 'அல்லியேரி நலமாக உள்ளது. மக்கள் மழையை மகிழ்ந்து கொண்டாடுக.' பொத்தானை அழுத்தி அதை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தயாளன் குடையை மடக்கினார். அதைப் பூங்காவனத்திடம் கொடுத்தார். மதுரவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பூட்டில்லாத இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. கரையின் படிகளில் அவர் ஒவ்வொன்றாக ஏறுவதை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வரிசை மாடியில் ஒரு திரைச்சீலை விலகியது. பக்கத்து வீட்டில் யாரோ, "யோவ், சாரு மேல போறாருய்யா!" என்று கத்தினார். அதற்குள் அவர் உச்சிக்குப் போய்விட்டார். மழையில், ஊரே பார்க்கும் உயரத்தில், ஏரியைப் பார்த்து நின்றார். பொத்தானை அழுத்தினார்.

நகரத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் முதலில் அவர் மூச்சு கேட்டது.

"ஏழேரி மக்களுக்கு வணக்கம். ஏரிப் பராமரிப்பு அலுவலர் தயாளன் பேசுகிறேன். அல்லியேரி..."

நிறுத்தினார். பூங்காவனத்தின் வீட்டுக்குள்ளிருந்தும், தெருவில் ஊர்ந்த வண்டிகளிலிருந்தும், பாலத்தின்மேல் பறந்த வண்டிகளிலிருந்தும் ஒரே அமைதி ஒலித்தது. பிறகு அந்த அமைதிக்குள் சத்தம் வந்தது. அவர் கருவியை நீருக்கு மேலே கையை நீட்டிப் பிடித்திருந்தார்.

"கேக்குதுங்களா?" அவர் அலுவலகத் தமிழைக் கைவிட்டிருந்தார். "இது மழைச் சத்தம் இல்லைங்க. விரால். மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. இவ்வளவு வருஷம் இத உங்ககிட்டேர்ந்து மறைச்சது நான்தான். நீங்களும் கேக்கல. இப்பக் குழாய் வாயில ஏரி செவப்பா இருக்கு. அது குங்குமம் இல்ல. என் லாரி டயரு. உங்க வண்டி டயரும் இதுல இருக்கு. அது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஏரி தானா சாவல."

கீழே மதுரவல்லி நவ்ஷாத்தின் கையைப் பிடித்திருந்தாள். தெருவில் ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. பூங்காவனம் குடையை வீசிவிட்டுப் படியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"எல்லாரும் கரைக்கு வாங்க," என்றது ஊரெங்கும் அந்தக் குரல். "பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்." ஒரு நொடி யோசித்தது.

"வண்டியில வராதீங்க. நடந்து வாங்க."